தானாக நிற்கும் பலகைகள்

தர்மேந்திரன் பலகை அறுக்க ஆரம்பித்தால் எங்கள் வரிசையில் யாரும் தொலைக்காட்சி பார்க்க முடியாது. ஈப்போ பக்கம் குனோங் ராபாட்டில் சுண்ணாம்புக் குன்றுக்குக் கீழே ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் 'நூறு' என்பார்கள். அவன் வீடு எனக்கு இடது பக்கம். கார் நிறுத்தும் போர்ச்சுதான் அவனுக்குப் பட்டறை. கல்யாண மேடை, சமையலறை அலமாரி, கடைக்கு விளம்பரப் பலகை என்று எதைக் கேட்டாலும் செய்வான். நான் காலமெல்லாம் லோரி ஓட்டியவன். இன்னமும் ஒரு பழைய லோரி வைத்திருக்கிறேன். அவன் சாமான்களை ஏற்றிப்போவது நான்தான். ஆகவே சத்தத்தைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை.

இந்த முறை வந்த வேலை புதுசு. ஈப்போ பழைய டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் ஓவியக் கண்காட்சி. சுவரில் ஓர் ஆணி அடிக்கக் கூடாது என்று கட்டடத்துக்காரர் சொல்லிவிட்டார். அதனால் எதிலும் சாயாமல் கூடத்தின் நடுவில் தானாக நிற்கிற பலகைகள் வேண்டும். கேட்டு வந்தவர் சுபாஜினி டீச்சர். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா ரயில்வேயில் பெரிய வேலையில் இருந்தவர். தர்மேந்திரனின் தம்பி பவித்ரனுக்குப் பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்தது இவர்தான்.

"தோட்டத்தில பிறந்த பிள்ளையள் கீறின படங்கள்தான் வைக்கப்போறன், தர்மா. பவித்ரன்ட படங்களும் என்னட்ட இருக்கு. அதையும் வைக்கலாமோ? அம்மா ஒண்டும் சொல்லமாட்டாதானே?"

தர்மேந்திரன் அளவு நாடாவை இழுப்பதும் விடுவதுமாக நின்றான். பதில் உள்ளேயிருந்து வந்தது. அவனுடைய அம்மா இருளாயி, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்துவிட்டார்.

"வைங்க டீச்சர், தாராளமா வைங்க! எம்புள்ள திரும்பி வாரப்ப பாத்து அசந்து போவணும்லா."

டீச்சர் சிரித்தார். தர்மேந்திரன் குனிந்து தரையில் கிடந்த மரத்தூளைக் காலால் கூட்டினான். எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை.

பவித்ரன் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போனவன். போன இடம் தாய்லாந்தும் இல்லை, வேலை கணினி வேலையும் இல்லை. எல்லையைத் தாண்டி ஏதோ ஒரு வேலி போட்ட கட்டடத்துக்குள் அடைத்து, ஊர் ஊராகப் போன் போட்டு மனிதர்களை ஏமாற்றச் சொன்னார்கள். முதலில் எப்போதாவது கூப்பிடுவான். பிறகு அதுவும் நின்றது. போலீஸ் பாலாயில் புகார் கொடுத்தார்கள், சங்கத்துக்காரர்களைப் பார்த்தார்கள், பத்திரிகையில் படம் போட்டார்கள். எல்லாம் ஓய்ந்த பிறகு இருளாயி அக்கா மாரியம்மனிடம் போய்விட்டார். வருகிற திருவிழாவுக்குப் பால்குடம் எடுக்கிறேன், என் பிள்ளையைக் கொண்டுவந்து விடு என்று வேண்டிக்கொண்டு, ஒரு வேளைச் சோற்றோடு விரதம் இருந்தார். தோட்டத்தில் ரப்பர்ப் பால்மரம் வெட்டிய காலத்திலேயே ஒல்லி. விரதத்தில் இன்னும் வற்றிப்போனார்.

பவித்ரன் வரமாட்டான். அது தர்மேந்திரனுக்குத் தெரியும், அவன் மனைவி தினேஸ்வரிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். பெற்றவளுக்கு மட்டும்தான் தெரியாது.

எங்களுக்குத் தெரிந்தது பீடோரில். அங்கே ஒரு மர ஆலையில் மரச்சட்டம் ஏற்றப் போயிருந்தோம். அந்த ஊர்ப் பையன் தனேஷ் என்பவன் அதே கட்டடத்திலிருந்து தப்பித்து வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு, தர்மேந்திரன் அவனைக் கோப்பிக் கடைக்கு வரச்சொல்லியிருந்தான். வந்தவன் முதுகைச் சுவருக்குக் கொடுத்து, வாசலைப் பார்த்து உட்கார்ந்தான். கோப்பியைத் தொடவே இல்லை.

"ஒங்க தம்பி எனக்கு மேல் கட்டில்லதாண்ணே படுத்திருந்தான். சிகரெட் பெட்டி அட்டையிலல்லாம் எங்க மூஞ்சிய வரைவான்."

"இப்ப எங்க இருக்கான்?"

பையன் என்னைப் பார்த்தான்.

"காய்ச்சல் வந்துச்சுண்ணே. வேல செய்யலன்னு போட்டு அடிச்சானுங்க. மறுபடி காய்ச்சல். மருந்து குடுங்கன்னு கெஞ்சினோம், குடுக்கல. ஒரு நாள் காலையில எழுப்பறேன், எந்திரிக்கல."

"மயக்கமா இருந்திருப்பான்."

"இல்லண்ணே. நான்தான் கண்ண மூடிவிட்டேன்."

"அப்பறம்? எங்க பொதச்சாங்க?"

"தெரியாதுண்ணே. லோரில தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிட்டானுங்க."

லோரி என்று கேட்டதும் எழுந்து வெளியே போய் நின்றேன். உள்ளே தர்மேந்திரன் அந்தப் பையனிடம் சாப்பிடு, சாப்பிடு என்று சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. திரும்பும் வழியில் கோப்பேங் ஊரைத் தாண்டினோம். பிறகு, "அண்ணே, அம்மாகிட்ட வாயத் தொறந்துறாதீங்க. நானே சொல்லிக்கிறேன்" என்றான். எப்போது என்று கேட்டேன். சொல்றேன்லா என்றான். அப்படிச் சொல்லி மாதங்கள் ஆகிவிட்டன.

பலகை வேலை தொடங்கியது. மரம் கொடுத்தவர் லியோங் தவுக்கே. பெரிய மரக்கடை வைத்திருக்கும் சீன முதலாளி. அவருடைய அப்பா அந்தக் காலத்தில் தோட்டத்து வாசலில் மளிகைக் கடை போட்டிருந்தார். இவர் நம் பிள்ளைகளோடு கோலி விளையாடியே தமிழ் கற்றுக்கொண்டவர். தோட்டத்துப் படம் என்று டீச்சர் சொன்னதும், வேண்டிய பிளைவூட்டை எடுத்துக்கொள் என்று கொடுத்துவிட்டார்.

ஆளுயரத்துக்கு மேல் மரச்சட்டம். இரண்டு பக்கமும் பிளைவூட் அடித்தால் கதவு போலத் தெரியும். ஆனால் கதவுக்கு நிலை உண்டு, இதற்கு ஒன்றுமில்லை. அடியில் குறுக்காக இரண்டு கால் வைத்தான். முதல் பலகையை நிமிர்த்தி வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தோம். குன்றுப் பக்கமிருந்து ஒரு காற்று வந்தது. பலகை நிதானமாகச் சாய்ந்து என் லோரியின் மூக்கில் விழுந்தது.

"நல்லாத்தான் நிக்குது. என் லோரி மேல" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. முன்பெல்லாம் இதற்கு ஒரு மணி நேரம் சிரிப்பான்.

கால்களை நீட்டினான். நீட்டினால் வருகிறவர்கள் தடுக்கி விழுவார்கள். மறுபடி குறைத்தான். கடைசியில், பலகைகளை ஒற்றையாக நிறுத்தாமல், இரண்டிரண்டாகக் கீல் போட்டு, விரித்த புத்தகம் மாதிரி கோணலாக நிறுத்தினான். காலுக்கு மேல் மணல் மூட்டை வைக்க ஒரு பெட்டி. அதன் பிறகு தோளால் இடித்துப் பார்த்தேன், ஆடியது, விழவில்லை. வெள்ளைச் சாயத்தை ரோலரில் தொட்டு இழுக்கும்போதுதான் தினமும் மழை வரும். மத்தியானம் குன்று கருக்கும், மேலே கல்லுடைக்கிற இடத்துத் தூசி முதலில் வரும், பிறகு மழை. ஈரச் சாயத்தில் தூசி படிந்தால் மறுபடி தேய்க்க வேண்டும். தேய்ப்பான். அவனுக்கு அந்த வேலை முடியாமல் இருந்தால் தேவலை என்றிருந்தது. அது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

இருளாயி அக்கா முருங்கைக்கீரையும் ரசமும் சோறுமாகக் கொண்டுவந்து போர்ச்சில் வைப்பார். தான் சாப்பிடாமல் எங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"பவி படம் எந்தப் பலகையிலடா?"

"எல்லாம் ஒன்னுதாம்மா."

"அது எப்படி ஒன்னாவும்? அவனோட பலகைக்கு இன்னொரு பூச்சு பூசு. லோரிக்காரத் தம்பி, நீங்களாச்சும் சொல்லுங்க."

"பூசிருவோம்க்கா."

"அவன் வந்து, என்னாண்ணே என் பலகை மட்டும் மங்கலா இருக்குன்னு கேப்பான். அவன் வாய் ஒங்களுக்குத் தெரியும்லா." சிரித்தார். "நேத்து கனவுல வந்தான், தம்பி. மெலிஞ்சு போயிட்டான். சோறு போட்டேன், திங்காம ஒக்காந்திருக்கான். விரதம் முடியட்டும், ஆத்தா கொண்டாந்து விட்டுருவா. அன்னைக்குக் கோழி அடிக்கணும்."

தர்மேந்திரன் பாதிச் சோற்றோடு எழுந்து போய்க் குழாயில் கை கழுவினான். வெகுநேரம் கழுவினான்.

செவ்வாய்க்கிழமை அக்கா கோயிலுக்குப் போயிருந்தபோது தினேஸ்வரி போர்ச்சுக்கு வந்தாள். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை செய்கிறவள். வேலைச் சட்டையைக்கூட மாற்றவில்லை. நான் எழுந்து போகப் பார்த்தேன்.

"ஒக்காருங்கண்ணே. ஒங்களுக்குத் தெரியாததா? ஒங்களுக்கு முன்னாலயே கேக்கறேன். ஏங்க, அத்தகிட்ட எப்பதான் சொல்லப் போறீங்க?"

அவன் ரோலரைச் சாயத்தில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"இது கேத வீடுங்க. பெத்த புள்ள செத்திருக்கு. இந்த வருஷம் முழுக்க நம்ம யாரும் பால்குடம் தொடக் கூடாது. அத்த அது தெரியாம தலையில தூக்கி வெச்சு நடக்கப் போறாங்க. செத்தவன் திரும்பி வரணும்னு நடக்கப் போறாங்க. நீங்களும் நானும் பக்கத்துல நின்னு வேப்பலை பிடிக்கணுமா? எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்குது."

"செத்தத யாரு பாத்தா?"

"தனேஷ் பாத்தான்ல."

"அவன் சொல்லிட்டாப் போதுமா? ஒரு பேப்பர் உண்டா? ஒடம்பு உண்டா? நாளைக்கே அவன் வந்து நின்னா?"

"நீங்க நம்பலியா?"

"நம்பல."

"பொய் சொல்லாதீங்க. நம்பலன்னா ஏன் அன்னையிலருந்து கோயில் படி மிதிக்கல? ஏன் சாமி படத்துக்கு வெளக்கு ஏத்த வரமாட்டேங்கறீங்க? எந்தக் கல்யாண மேடைக்கும் ஏன் போவல? நீங்க தனியா துக்கம் காக்கறீங்க. அத்தைய மட்டும் காக்க விடமாட்டேங்கறீங்க."

அவன் ரோலரைக் கீழே போட்டான். சிமெண்டுத் தரையில் வெள்ளை தெறித்தது.

"என்னான்னு சொல்லச் சொல்ற? காய்ச்சலோட அடிச்சானுங்கன்னு சொல்லவா? லோரில தூக்கிப் போட்டானுங்கன்னு சொல்லவா? படம் வரைஞ்சா சோறு கெடைக்குமாடா, போயி வேலையப் பாருன்னு பஸ் ஏத்தி விட்டவன் நானு. அம்மா அதத்தான் மொதல்ல நெனைக்கும்."

தினேஸ்வரி ஒரு பழந்துணி எடுத்துத் தரையைத் துடைக்கத் தொடங்கினாள்.

எனக்குக் கோபம் வந்தது. "நீ சொல்லாட்டி வேற எவனாச்சும் சொல்லுவான், தர்மா. பீடோர் என்ன, சீமையிலயா இருக்கு? அது ரோட்டுல வெச்சு அம்மா காதுல விழணுமா?" என்றேன்.

"பலகை வேல முடியட்டும்ணே. சனிக்கிழமை தொறப்பு விழா. அதுவரைக்கும் அது சந்தோசமா இருந்துட்டுப் போவட்டும். ஞாயித்துக்கிழமை ஒக்கார வெச்சு சொல்லிர்றேன். சத்தியமா."

பால்குடம் அதற்கு அடுத்து வரும் வெள்ளிதான். சரி, ஞாயிறு தாமதமில்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

பலகைகளை ஏற்றிப்போன அன்றும் மழை. கித்தான் போட்டு மூடி, மெதுவாக ஓட்டினேன். கடைவீட்டு மாடிப்படி குறுகல். பாதியில் ஒரு திருப்பம். முதல் பலகை அந்தத் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகாது, கீழேயும் வராது. கால்களைக் கழற்றி, கீலைக் கழற்றி, ஒவ்வொன்றாகத் தலைகீழாகத் திருப்பி ஏற்றினோம். மாடியில் வைத்து மறுபடி எல்லாவற்றையும் பூட்டி, மணல் மூட்டைகளை அடுக்கினான். இடுப்பு ஒடிந்துவிட்டது. ஆனால் கூடத்தில் அவை வெள்ளையாக, கோணல் கோணலாக நிற்பதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. டீச்சர் ஒவ்வொன்றையும் தள்ளிப் பார்த்தார்.

"அருமை, தர்மா. பூகம்பம் வந்தாலும் விழாது."

பவித்ரனின் படங்களை அவர் துணி பிரித்து எடுத்தார். எல்லாம் தர்மேந்திரன் அறுத்துப் போட்ட துண்டுப் பிளைவூட்டில் வரைந்தவை, டீச்சர் சட்டம் போட்டு வைத்திருந்தார். பத்து காஜா ஊர்ப் பக்கம் அவர்கள் குடியிருந்த தோட்டத்து லயத்து வீடு, கூரை போய்ச் செம்பனைக்கு நடுவில் நிற்பது. குசினித் தொட்டியில் மீன் கழுவும் அம்மா, முதுகு மட்டும். கடைசியாக அவனுடைய முகம். அண்ணனின் வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தோளில் வெள்ளைச் சாயக் கறையோடு, நம்மைப் பார்த்துக் கேலியாக உதட்டைச் சுழித்திருந்தான். நுழைந்ததும் தெரிகிற பலகையில், நல்ல உயரத்தில் அதை மாட்டச் சொன்னார் டீச்சர். தர்மேந்திரன் மாட்டினான். மட்டம் பார்த்தான். மறுபடி பார்த்தான். மூன்றாம் தடவை பார்க்கப் போனபோது நான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

சனிக்கிழமை காலை இருளாயி அக்கா மஞ்சள் சேலை கட்டி, பூ வைத்து, எனக்கு முன்னாலேயே லோரிப் பக்கம் வந்து நின்றார். காரில் வாங்கக்கா என்றேன். "எம்புள்ள பலகை போன வண்டியிலயே போறேன்" என்றார். வழியெல்லாம் பேச்சு. பவி சின்னதில் சுவரில் கரிக்கட்டையால் கிறுக்கியது, தோட்டத்துக் கங்காணி மண்டோர் வந்து சத்தம் போட்டது. நடுவில் உட்கார்ந்திருந்த தர்மேந்திரன் ம் கொட்டிக்கொண்டே வந்தான். தினேஸ்வரி வேலைக்குப் போயிருந்தாள், அல்லது வர மனமில்லாமல் போயிருந்தாள்.

கூடத்தில் நல்ல கூட்டம். பழைய தோட்டத்து ஆட்கள் படங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். இது எங்க பேர் கூப்பிடற பிரட்டுக் கொட்டாய்லா, இது புள்ளைங்கள விட்டுட்டுப் போற ஆயாக்கொட்டாய்லா என்று ஒரே சத்தம். இருளாயி அக்கா மகனுடைய முகத்துக்கு முன்னால் போய் நின்றவர் நகரவே இல்லை. வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்: "என் சின்னவன். வெளிநாட்டுல இருக்கான். வந்துருவான்." தெரிந்தவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார்கள். அப்போதே எனக்கு உறுத்தியது. இன்னும் யார் யாருக்குத் தெரியுமோ என்று நினைத்தேன்.

டீச்சர் இரண்டு வார்த்தை பேசினார். மரம் கொடுத்த லியோங் தவுக்கேயை முன்னால் கூப்பிட்டு, நம் வழக்கப்படி ரோஜாவும் சம்பங்கியும் கட்டிய கனமான மாலையைப் போட்டார். எல்லாரும் கை தட்டினோம். தவுக்கேக்கு நம் கோயில் கூட்டத்திலும் பள்ளிக்கூட விழாவிலும் எத்தனையோ மாலை விழுந்திருக்கிறது. மாலை என்றால் மரியாதை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கழுத்திலிருந்து கழற்றினார். அடுத்தவருக்குப் போடப்போகிறார் என்று நினைத்தேன்.

"பலகை சும்மா மரம்தான். இதுல படம் இருக்கு, அதுதான் பெருசு" என்றார் தவுக்கே. "இந்தப் பையன் ரொம்ப நல்லா வரைஞ்சிருக்கு. அவன் இன்னைக்கு இங்க வரல. இந்த மாலை எனக்கு வேணாம். அவனுக்குத்தான்."

சொல்லிக்கொண்டே எட்டி, பவித்ரனின் முகத்தைச் சுற்றி அந்த மாலையை மாட்டிவிட்டார்.

சீன விருந்தாளிகள் இரண்டு பேர் கை தட்டினார்கள். நம் ஆட்கள் யாரும் தட்டவில்லை. சட்டம் போட்ட முகம், அதைச் சுற்றி மாலை. நம் வீடுகளில் அந்த மாதிரி படம் எங்கே தொங்கும், யாருக்குத் தொங்கும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

"ஐயையோ, அபசகுனமா!" என்று இருளாயி அக்கா கத்திவிட்டார். "உசிரோட இருக்கற புள்ளைக்கு மாலையா? எடுங்க, எடுங்க!"

தாவி மாலையைப் பிடிக்கப் பார்த்தார். எட்டவில்லை. குள்ளமான உடம்பு, விரதத்தில் தளர்ந்தது. கை பலகையில் மோதியது. பலகை ஆடியது. தர்மேந்திரன் ஓடிவந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டான்.

"தர்மா, எடுடா அத. ஒனக்கு எட்டும். எடு."

அவன் தலைக்கு மேலே, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் மாலை தொங்கியது. அவன் பலகையைப் பிடித்தபடியே நின்றான். பலகை ஆட்டம் நின்று வெகுநேரமாகிவிட்டது. அவன் பிடியை விடவில்லை.

"ஏண்டா நிக்கிற? தம்பிக்கு ஆவாதுடா. எடுடா."

அவன் தோள் குலுங்கியது. நெற்றியைப் பலகையில் முட்டக் கொடுத்துவிட்டான். சத்தமே வரவில்லை. பீடோரிலும் அழாதவன், இத்தனை மாதமும் சாயம் பூசிக்கொண்டு திரிந்தவன், அந்தக் கூட்டத்துக்கு நடுவில் அழுதான்.

இருளாயி அக்கா அவன் முதுகைப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பார்வையைத் தாழ்த்திக்கொண்டேன். வேறு என்ன செய்ய முடியும்?

தவுக்கேக்கு அப்போதுதான் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று விளங்கியது. முகம் சிவந்துபோய், "மன்னிச்சிருங்கக்கா, எனக்குத் தெரியாதுலா, நான் எடுத்துர்றேன்" என்று அவசரமாகக் கையை உயர்த்தினார்.

இருளாயி அக்கா அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"வேணாம் தவுக்கே. இருக்கட்டும். ஒங்க கையாலதான் அவனுக்கு மாலைன்னு இருந்திருக்கு."

பிறகு தலையிலிருந்த பூவை இழுத்து எடுத்து, மகனின் முதுகில் கை வைத்தார்.

"தர்மா. விடு, அது விழாது. வா, வீட்டுக்குப் போலாம். நான் தல முழுவணும்."